மூவ் லிஸ்ட்டை வைத்துப் பெருமை பேசுபவர்களுக்கு

சண்டை கேம் ஆடுபவர்கள் நாலு பேர் கூடினால் போதும், இந்த வாதம் வந்துவிடும். “டெக்கன்தான் ப்ரோ உண்மையான கஷ்டம். ஒரு கேரக்டருக்கு நூறு மூவுக்கு மேல இருக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல என்ன இருக்கு? ரியூவுக்கு நாலஞ்சு ஸ்பெஷல், அதையே திரும்பத் திரும்பப் போடுறான்.” மறுபக்கமும் சும்மா இருக்காது. “டெக்கனா? கண்ணை மூடிக்கிட்டு நாலு பட்டனையும் தட்டினா ஏதோ ஒண்ணு விழும். எடி கார்டோவை எடுத்து, கிக்கை மட்டும் அமுக்கியே ஜெயிச்சவனுங்க எத்தனை பேர்!”

இரண்டாவது வாதத்தை எளிதாக ஒதுக்கிவிடலாம். டெக்கன் 3 நம் ஊர் ப்ளேஸ்டேஷன் கடைகளில் மணிக்கணக்குக் காசுக்கு ஓடிய காலத்தில் எடியை வைத்து எல்லோரும் ஜெயித்தார்கள் என்றால், எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கும் ஆடத் தெரியாது என்றுதான் அர்த்தம். முதல் வாதம் அப்படியல்ல. அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. கையில் ஒரு எண்ணிக்கை இருப்பதாலேயே அது உண்மைபோலத் தெரிகிறது. எனவே இந்தக் கட்டுரை அந்த முதல் வாதத்துக்கு எதிரானது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு மூவ் என்பது டெக்கனின் பலமே இல்லை. பல சமயம் அதன் பலவீனம். டெக்கனின் ஆழம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆழத்துக்குப் போய்ப் பார்த்தால் அது ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் பக்கத்து வீடாகத்தான் இருக்கிறது.

எதை எண்ணுகிறோம்?

‘சிக்கலான கேம்’ என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

ஒன்று, கையின் சிக்கல். நினைத்ததைக் கையால் செய்ய முடிகிறதா என்பது. ஷோர்யூக்கன் போட ஸ்டிக்கை முன்னே, கீழே, கீழ்முன்னே என்று நகர்த்தி பன்ச்சை அமுக்க வேண்டும். பதற்றத்தில் அது வராது. வராதபோது ஒரு சாதாரண குத்து வந்து நாம் அடிவாங்குவோம்.

இரண்டாவது, நினைவின் சிக்கல். எத்தனை மூவ், எது எவ்வளவு வேகம், எதைத் தடுத்த பிறகு திருப்பி அடிக்கலாம், எதற்குக் குனிய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது.

மூன்றாவது, முடிவின் சிக்கல். இந்தத் தூரத்தில், இந்த ஹெல்த்தில், இவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஆளுக்கு எதிராக இப்போது என்ன செய்வது?

ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. விதியை ரெண்டு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கைக்கும் நினைவுக்கும் வேலையே கிடையாது. ஆனால் எந்த ஆட்டை எப்போது பலி கொடுப்பது என்று திண்ணையில் ஒரு தாத்தா அரை மணி நேரம் யோசிப்பார். அந்த ஆட்டத்தின் சிக்கல் முழுக்க மூன்றாவது வகை. அதைப் பார்த்து “இதுல பதினெட்டுக் காய்தானே இருக்கு” என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ரியூவுக்கு நாலஞ்சு ஸ்பெஷல்தான் என்பவரிடம் மட்டும் ஏன் சிரிப்பதில்லை?

ஒரு நெருப்புப் பந்து என்ன செய்கிறது

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேடுக்கு வந்தது 1991இல். மூன்று பன்ச், மூன்று கிக், ஆறு பட்டன். அதிலிருந்து ஒரே ஒரு மூவை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஹடோக்கன். கையிலிருந்து புறப்பட்டுத் திரையில் நேராகப் போகும் பந்து. உலகத்திலேயே எளிமையான ஆயுதம்.

எதிராளிக்கு என்ன வழி? தடுக்கலாம். தடுத்தால் பழைய பாகங்களில் கொஞ்சம் ஹெல்த் கரையும், 6ஆம் பாகத்தில் டிரைவ் கேஜ் கரையும். தன்னிடமும் பந்து இருந்தால் எதிர்ப்பந்து விட்டு அழிக்கலாம். நேர்மேலே குதித்துத் தப்பலாம், ஆனால் ஓரடிகூட முன்னேற முடியாது. முன்னோக்கிக் குதிக்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குதி என்பது கையெழுத்துப் போட்ட மாதிரி, கிளம்பிவிட்டால் பெரும்பாலும் நடுவில் மாற்ற முடியாது. கீழே ரியூ ஷோர்யூக்கனோடு காத்திருப்பான். ஆனால் அவன் பந்து விடுகிற அந்தக் கணத்தையே கணித்துக் குதித்துவிட்டால், அவன் கை நீட்டியபடி மாட்டிக்கொள்வான். முழு காம்போவும் அவன் தலையில்.

இங்கே ரியூ யோசிக்கத் தொடங்குகிறான். பந்து விடாமல் சும்மா நிற்கிறான். பந்து வரும் என்று நம்பி எதிராளி குதிக்கிறான், ஷோர்யூக்கன் வாங்குகிறான். விடாத பந்து வேலை செய்துவிட்டது! இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. லைட் பன்ச்சில் விட்டால் பந்து மெதுவாகப் போகும், ஹெவி பன்ச்சில் வேகமாக. மெதுவான பந்தை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்து போகலாம். எதிராளி பந்தைப் பார்ப்பானா, ஆளைப் பார்ப்பானா?

ஒரு மூவ். அதற்கு மூன்று வேகம். அதற்குள் இத்தனை கேள்வி. கைல் என்ற கேரக்டரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவனுடைய சோனிக் பூம் வர, ஸ்டிக்கைச் சிறிது நேரம் பின்னால் பிடித்து வைத்துவிட்டு முன்னே தள்ளி பன்ச் அடிக்க வேண்டும். பின்னால் பிடிப்பது என்றால் தடுப்பதும்தான். அதாவது தற்காத்துக்கொண்டே ஆயுதம் தயாராகிறது. ஆனால் முன்னே நடந்தால் அந்தத் தயாரிப்பு போய்விடும். கைல் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை. இந்த விலையை எந்த மூவ் லிஸ்ட்டிலும் எழுத முடியாது.

2004 ஈவோ போட்டியின் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமெஹாராவின் கென்னிடம் ஒரு கீற்று ஹெல்த்தான் மிச்சம். ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தன் சூப்பரை அவிழ்க்கிறாள். தடுத்தாலே செத்துவிடுவான். டைகோ தடுக்கவில்லை. வரிசையாக வந்த 15 உதைகளையும் பாரி செய்து, கடைசி உதையைக் காற்றில் வாங்கி, திருப்பி அடித்து ரவுண்டை எடுத்தார். கூட்டம் அலறுவது இன்றைக்கும் காதில் விழுகிறது. அந்தப் பாரிக்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? அடி வந்து படும் நேரத்துக்குச் சரியாக ஸ்டிக்கை முன்பக்கம் தட்ட வேண்டும். அவ்வளவுதான். கேமில் இதைவிட எளிமையான இன்புட் இல்லை. முன்னால் தட்டினால் பாரி, பின்னால் பிடித்தால் தடுப்பு. தப்பாகத் தட்டினால் அடி. ‘சிம்பிள் கேம்’ என்று சொல்பவர்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

டெக்கன் ஏன் பெரிய கேம்

டெக்கனை மட்டம் தட்டுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. டெக்கனின் ரசிகர்களே டெக்கனைத் தப்பான காரணத்துக்காகப் புகழ்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

1994இல் நாம்கோ இதைக் கொண்டுவந்தபோது அதன் பட்டன் அமைப்பே ஒரு அழகான யோசனை. நாலு பட்டன், நாலு கைகால்: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். உடம்பை அப்படியே கன்ட்ரோலரில் இறக்கி வைத்தது போல. தடுப்பும் வேறு தத்துவம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குனிந்து தடுத்தால் தரையிலிருந்து வரும் அநேக அடிகளைச் சமாளிக்கலாம். பயப்பட வேண்டியது குதித்து வரும் அடி, ஓவர்ஹெட், பிறகு த்ரோ. டெக்கனில் தலைகீழ். நின்று தடுப்பதுதான் இயல்பு நிலை. குனிந்தால் உயர அடி தலைக்கு மேலே போய்விடும், ஆனால் நடு அடி வயிற்றில் இறங்கும். ஆகவே டெக்கன் ஆடுபவன் எப்போதும் காலைப் பற்றிக் கவலைப்படுகிறான், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுபவன் தலையைப் பற்றி.

அதோடு டெக்கன் 3இலிருந்து எல்லோருக்கும் சைட்ஸ்டெப் வந்தது. ஒரு பட்டனும் அமுக்காமல், பக்கவாட்டில் ஓரடி வைத்தே எதிராளியின் நேர்க்கோட்டு அடியைக் காற்றில் விடலாம். அவன் விட்ட அந்த இடைவெளியில் நாம் புகுந்துவிடலாம். பக்கவாட்டில் நகர்பவனைப் பிடிக்கிற அடிகள் தனியாக உண்டு, அவை பொதுவாக மெதுவானவை அல்லது லாபம் குறைந்தவை. நகர்வேனா மாட்டேனா என்பதிலேயே ஒரு சூதாட்டம்.

பிறகு கொரியன் பேக்டேஷ். பின்னால் தாவுகிற அசைவை ஒரு சின்னக் குனிதலால் வெட்டி, உடனே மறுபடி தாவி, மறுபடி வெட்டி… கொரிய ஆட்டக்காரர்களின் பெயரால் வழங்கும் வித்தை. மாதக்கணக்கில் பழகினால்தான் கை வசப்படும். மிஷிமா குடும்பத்தின் எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட் இன்னொரு உதாரணம். கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. ஸ்டிக் கீழ்முன்னே போய்ச் சேரும் அதே ஃப்ரேமில் வலக்கை பட்டனும் விழ வேண்டும். விழுந்தால் மின்னல் தெறிக்கும், எதிராளி தடுத்தால்கூட நமக்குத்தான் சாதகம். ஒரு ஃப்ரேம் தவறினால் சாதாரண அடி, தடுத்தால் நாம் மாட்டுவோம்.

கவனியுங்கள். நான் இப்போது சொன்ன எதிலும் நூறு மூவ் வரவில்லை. தூரம், நேரம், நகர்வு, கையின் துல்லியம். டெக்கனைப் பெரிய கேம் ஆக்குவது இவைதான். இவற்றில் தூரத்தையும் நேரத்தையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் அதே தீவிரத்தோடுதான் கேட்கிறது.

மனப்பாடப் பகுதி

இப்போது அந்த நூறு மூவுக்கு வருவோம். டெக்கன் 8 வெளியானபோது 32 கேரக்டர்கள். ஆளுக்கு நூறு என்றே வைத்தாலும் 3,200 மூவ். 18 கேரக்டர்களோடு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இதன் பக்கத்தில் ஒரு சின்னக் கையேடு.

இந்த 3,200 களத்தில் என்ன செய்கிறது? எதிராளி ஒரு தொடர் அடி விடுகிறான். நாலு அடி. மூன்றாவது அடி உயரமாக வரும், அந்த இடத்தில் குனிந்து எழுந்து அடித்தால் அவன் ரவுண்டையே இழக்கலாம். ஆனால் இது தெரிந்தால்தானே! தெரியாதவன் நாலு அடியையும் தடுத்துவிட்டு, அடுத்து யார் முறை என்றே புரியாமல் நிற்கிறான். 10 ஃப்ரேமில் வரும் ஒரு குத்து ஆறில் ஒரு நொடி. மனிதக் கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். ஆக, பார்த்துச் செய்ய முடியாது. ஊகிக்கவும் முடியாது, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்பதற்குத் திரையில் எந்தத் தடயமும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பயிற்சி அறையில் அந்த கேரக்டரை எடுத்து, அந்தத் தொடரைப் பதிவு செய்து, எங்கே குனிவது என்று படித்துவிட்டு வர வேண்டும். மறுபடி அடுத்த கேரக்டர்.

இது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். பப்ளிக் எக்ஸாமுக்குக் கைடு வாங்கி ஒரு மார்க் கேள்விகளை உருப்போட்டோமே, அதேதான். விடை தெரிந்தவனுக்கு அது கேள்வியே இல்லை, தெரியாதவனுக்கு யோசித்தாலும் வராது. எந்தப் பக்கமும் சிந்தனைக்கு வேலை கிடையாது. இதை ‘ஆழம்’ என்று அழைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மனப்பாடம் இல்லையா? இருக்கிறது. எந்த அடியைத் தடுத்தால் 4 ஃப்ரேம் குத்தால் தண்டிக்கலாம், மூலையில் எந்த காம்போ, எழுந்திருக்கும் நேரத்தில் என்ன செட்டப் எல்லாம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தோற்றவன் பெரும்பாலும் ஏன் தோற்றோம் என்று அறிந்தே தோற்கிறான். குதித்தேன், ஷோர்யூக்கன் வாங்கினேன். மறுபடி குதித்தேன், மறுபடி வாங்கினேன். அடுத்த ரவுண்டில் குதிக்காமல் இருக்கலாமே என்று அவனுக்கே தோன்றும். ஆட்டமே ஆட்டத்தைச் சொல்லித்தருகிறது. டெக்கனில் புதியவன் இருபது முறை தோற்ற பிறகும் அவனிடம் மிஞ்சுவது “என்னமோ பண்ணினான், நான் செத்துட்டேன்” என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. புதியவர்கள் ஓடுவதற்குத் தோல்வி காரணம் இல்லை. தோல்வியிலிருந்து ஒன்றும் கிடைக்காததுதான் காரணம்.

இதற்கு வருகிற எதிர்வாதம் எனக்குத் தெரியும். “அறிவும் திறமைதானே? சதுரங்கத்தில் ஓப்பனிங் படிக்கிறதில்லையா?” படிக்கிறார்கள். ஆனால் ஓப்பனிங் படிக்காதவனும் பலகையைப் பார்த்து யோசிக்க முடியும், காய் எங்கே போகும் என்பது அவன் கண்ணெதிரே இருக்கிறது. இன்னொரு எதிர்வாதம் இதைவிட நல்லது. டெக்கனின் நீண்ட பட்டியல்தான் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு உடல்மொழியைத் தருகிறது. எடியின் கபோய்ரா, ஹ்வோரங்கின் டேக்வாண்டோ, கிங்கின் மல்யுத்தம்: இவையெல்லாம் நாலைந்து மூவில் வராது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். டெக்கன் பார்க்க அழகாக இருப்பதற்கு அந்தப் பட்டியல்தான் காரணம். ஆனால் அழகுக்கான காரணத்தை ஆழத்துக்கான சான்றாகக் காட்டாதீர்கள்.

லாகூரிலிருந்து ஒரு சான்று

2019இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் ஈவோ ஜப்பானை ஜெயித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ஈவோவின் இறுதிப் போட்டியில், டெக்கனின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான கொரியாவின் ‘நீ’யைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். கொரியாவும் ஜப்பானும் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த டெக்கன் அறிவுக் கிடங்குக்கு வெளியே இருந்து வந்தவர்.

அர்ஸ்லான் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடி வளர்ந்தவர். அது ஸ்ட்ரீட் ஃபைட்டர் போல இரண்டு பரிமாணத்தில் நடக்கும் கேம், சைட்ஸ்டெப்பும் கிடையாது, நூறு மூவும் கிடையாது. டெக்கனுக்கான மனப்பாடத்தை அவரும் செய்துதான் ஆக வேண்டும், செய்தார். ஆனால் அந்த மனப்பாடம் ‘நீ’யிடமும் முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற ஒன்று வெற்றியைத் தீர்மானிக்க முடியாது. அந்த மேடையில் தீர்மானித்தது, எதிராளியின் அடி ஒரு விரற்கடை தூரத்தில் காற்றில் போகும்படி நிற்கத் தெரிவதும், அந்தக் கணத்தைத் தண்டிக்கத் தெரிவதும்தான். அது எந்தச் சண்டை கேமிலிருந்தும் எந்தச் சண்டை கேமுக்கும் கடத்திக்கொண்டு போகக்கூடிய அறிவு. மூவ் லிஸ்ட்டை அப்படிக் கடத்த முடியாது.

எதைக் குறைத்தார்கள்?

இந்த வாதம் ஏன் முக்கியம் என்றால், இரண்டு நிறுவனங்களும் அண்மையில் தங்கள் கேமை ‘எளிமை’யாக்கின. எதைச் சிக்கல் என்று நினைத்தார்களோ அதைத்தான் குறைத்தார்கள்.

2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் கன்ட்ரோல் என்று ஒன்று. ஸ்டிக்கைச் சுற்றாமல் ஒரே பட்டனில் ஷோர்யூக்கன். பழைய ஆட்கள் கொதித்தார்கள். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு பட்டனில் போட்டால் அந்த ஸ்பெஷலின் சேதம் 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கைக்குக் கிடைக்காது. கையின் சிக்கலைக் குறைத்து அதற்கு விலையும் வைத்தார்கள். எப்போது போடுவது என்ற மூன்றாவது சிக்கலில் கை வைக்கவில்லை. டிரைவ் கேஜ் இன்னும் நல்ல உதாரணம். ரவுண்டு தொடங்கும்போதே 6 பட்டை நிரம்பி இருக்கும். தாக்கவும் அதுதான், பாரி செய்யவும் அதுதான். ஒரு அடியிலிருந்து வெட்டிப் பாய 3 பட்டை போகும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் செலவழித்தால் பர்ன்அவுட், அதன் பிறகு தடுத்தாலும் ஹெல்த் கரையும். புதியவனுக்கும் முதல் நாளே புரிகிற விதி, பத்து வருஷம் ஆடியவனும் தப்பு பண்ணுகிற கணக்கு.

2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8இல் ஹீட். ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு முறை, சில நொடிகளுக்கு. அந்த நேரத்தில் தடுக்கிறவனின் ஹெல்த்தும் தேயும், தாக்குபவன் பாய்ந்து வந்து ‘கீழேயா, நடுவேயா’ என்று மறுபடி மறுபடி கேட்பான். தப்பிக்கப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான், ஆனால் கேம் ஊக்குவிப்பது தாக்குதலை. பின்வாங்கித் தூரம் பிடிப்பது, நகர்ந்து காற்றில் விடுவது என்ற அந்தப் பழைய வித்தைக்கு மதிப்புக் குறைந்தது. 2025 ஏப்ரலில் வந்த இரண்டாம் சீசன் பேட்ச் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனபோது, உச்சத்தில் ஆடுபவர்களே வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். நிறுவனம் அவசரத் திருத்தம் போட வேண்டியதாயிற்று.

இங்கே நடந்ததைப் பாருங்கள். நினைவின் சுமை அப்படியே இருக்கிறது, 3,200 மூவும் பத்திரமாக இருக்கின்றன, ஏனென்றால் அதுதான் ‘டெக்கனின் பெருமை’ என்று எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறோம். வெட்டப்பட்டது நகர்வும் தூரமும், அதாவது முடிவெடுக்கிற இடம். புதியவனுக்கும் சுமை குறையவில்லை, பழையவனுக்கும் ஆட்டம் மிஞ்சவில்லை. ஒரு தப்பான பாராட்டு பல வருஷம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் இப்படித்தான் ஆகும். எதைப் பாராட்டுகிறோமோ அதைக் காப்பாற்றுவார்கள், பாராட்டாமல் விட்டதை வெட்டுவார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் காம்போ என்பது திட்டமிட்டு வைத்ததல்ல. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்தபோது, ஒரு அடியோடு இன்னொரு அடி தொடுத்து விழுவதைத் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிசு கவனித்தார். அதற்கான நேரக் கணிப்பு பயன்படுத்த முடியாத அளவுக்குக் கடினம் என்று நினைத்தாலும் மறைவாக விட்டுவைத்தார்கள். அதுதான் இந்த வகைமைக்கே அடித்தளமாயிற்று. கொரியன் பேக்டேஷும் எந்தக் கதாபாத்திரத்தின் தாக்குதல் பட்டியலிலும் இடம்பிடித்ததில்லை. இரண்டு கேமிலும் நாம் கொண்டாடுகிற சிக்கல்கள் ஆடி ஆடிக் கண்டெடுத்தவை.

ஆகவே அடுத்த முறை யாராவது “ஒரு கேரக்டருக்கு நூறு மூவ் ப்ரோ” என்று ஆரம்பித்தால், ஒரே கேள்வி கேளுங்கள். அந்த நூறில் போன மேட்சில் நீ எத்தனை போட்டாய்? நேர்மையான ஆள் என்றால் பதினைந்து, இருபது என்பார். மீதி எண்பதை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, அந்தப் பதினைந்தை எப்போது, எந்தத் தூரத்தில், ஏன் போட்டார் என்று பேச்சைத் திருப்புங்கள். டெக்கனைப் பற்றிய உருப்படியான பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.